எனக்கு வந்தது அருள் இல்லை, பாப்பா

பாப்பா,

இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் அப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ வாசித்ததும் மாப்பிள்ளையிடம் கொடு. அவர் உன் மாமியாருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். உங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் வாசலில் நின்று கேட்டாலும் கேட்கட்டும். மூடி மூடி வைத்துத்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறோம். ஊர் என்ன சொல்லும் என்று பயந்த காலம் எனக்கு முடிந்துவிட்டது.

நேற்று நீ போன் பண்ணியபோது உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். "அம்மா, எனக்கும் வந்திருச்சும்மா" என்றாய். உங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கரகம் லயத்து வாசலுக்கு வந்து நின்றபோது, உனக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, கண் இருட்டி, பக்கத்தில் நின்றவளின் தோளைப் பிடித்துக்கொண்டு சரிந்தாயாம். பெண்கள் குலவை போட்டார்களாம். உன் மாமியார் உன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்களாம். மாசமாக இருக்கிறவள் மேல் ஆத்தா இறங்குவது லேசுப்பட்ட விஷயமில்லை, தாய்க்கு வந்தது மகளுக்கும் வந்துவிட்டது என்று தோட்டமே பேசுகிறதாம். சொல்லிவிட்டு, நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தாய். "சரி தங்கம்" என்றேன். பிறகு சும்மா கேட்பதுபோல, "ராத்திரி எப்பிடிடி தூங்குற?" என்று கேட்டேன். "சுவத்துல சாஞ்சுக்கிட்டுத்தான்மா. படுத்தா மூச்சு முட்டுது, இருமலும் வருது. வயிறு பெருசாகுதுல்ல" என்றாய். ஐந்து மாத வயிறு அப்படி மூச்சு முட்ட வைக்கும் வயிறு இல்லை, பாப்பா. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சுவரில் சாய்ந்து தூங்கினேன்.

அதற்குப் பிறகு நானே திரும்பவும் போன் பண்ணினேன். நீ வழக்கம்போல போனைச் சத்தமாகப் போட்டு நடுவீட்டில் வைத்திருந்தாய். "சம்பந்தியம்மா, நீங்க குடுத்து வச்சவங்க" என்று உன் மாமியார் ஆரம்பித்தார்கள். அவர்கள் முன்னால் சும்மா நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளையின் போனுக்கு எடுத்து, "புள்ளைய ஒருக்கா பெரிய ஆஸ்பத்திரியில காட்டிருவோமா மாப்பிள்ளை?" என்றேன். தங்கமான பிள்ளை, கோபிக்கவில்லை, சிரித்தார். "அத்தை, நீங்களே இப்பிடிச் சொன்னா எப்பிடி? உங்க மேல வராத ஆத்தாவா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. போனை வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே நான் வேலைக்குப் பிள்ளை பார்க்கிற பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் தொட்டிலில் தூங்குகிறார்கள். தாய்மார் ரப்பர் பாலை ஸ்டோரில் கொடுத்துவிட்டு இவர்களைத் தூக்க வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

உனக்கு வந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. எனக்கு வந்தது நோய். இருதய நோய். அதை அருள் என்று ஊர் சொன்னது, நான் ஆமாம் என்று உட்கார்ந்திருந்தேன். ஊரை விடு, உன்னை நம்ப வைத்தேன். அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய உடம்பை வைத்துக்கொண்டு, நீ அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் விபூதி பூசிக்கொண்டிருக்கிறாய். உன் உயிரும் உன் வயிற்றில் இருக்கிற உயிரும் இப்போது இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. கோபம் வந்தாலும் கிழித்துப் போடாமல் கடைசி வரை வாசி.

நீ அப்போது மூன்று வயதுப் பிள்ளை. விடியுமுன் மலைக்குப் போய் மரம் மரமாகப் பட்டை சீவிவிட்டு, வெயில் ஏறியபின் சிரட்டைகளில் வடிந்திருக்கும் பாலை வாளியில் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு ஏற வேண்டும். கித்துல்கலப் பக்கத்து ஏற்றம் உனக்குத் தெரியாததா. மற்றப் பெண்கள் கதை பேசிக்கொண்டே ஏறுவார்கள். எனக்குப் பாதி வழியில் நெஞ்சுக்குள் கூடையில் அடைத்த கோழி மாதிரி அடித்துக்கொள்ளும். வாளியை இறக்கி வைத்துவிட்டு, செருப்பில் முள் ஏறிவிட்டதுபோலக் குனிந்து காலைத் தடவிக்கொண்டு நிற்பேன். "என்னடி, புதுப்பொண்ணு மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வர்ற" என்று கேலி பண்ணுவார்கள். நானும் சிரித்துவைப்பேன். மூச்சு வாங்குகிறது என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சோம்பேறி என்பார்கள், இல்லாவிட்டால் சீக்குக்காரி என்பார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருஷத் திருவிழாவில்தான் முதல் தடவை. காலையிலிருந்து விரதம், வாயில் தண்ணீர்கூடப் படவில்லை, சாம்பிராணிப் புகை, நெருக்கடி, அப்பா உடுக்கு அடித்துப் பாடிக்கொண்டிருந்தார். நெஞ்சு திடீரென்று தாறுமாறாக ஓட ஆரம்பித்தது. ஒரு அடி வேகமாக, ஒரு அடி காணாமல், மறுபடி மூன்று நான்கு சேர்ந்து. மூச்சை இழுக்கிறேன், உள்ளே போகமாட்டேன் என்கிறது. தலை தன்னால் ஆடியது, கொண்டை அவிழ்ந்துவிட்டது. நான் கேட்க நினைத்தது தண்ணீர். வெளியே வந்தது வெறும் இளைப்பு. அதற்குள் யாரோ குலவை போட, "ஆத்தா வந்துட்டா" என்று ஒருத்தி காலில் விழுந்தாள். வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். எனக்குப் பயம்தான் வந்தது, பாப்பா, வேறு ஒன்றும் வரவில்லை. கொஞ்சநேரத்தில் நெஞ்சு தானாக அடங்கியது. சாமி மலையேறிவிட்டது என்றார்கள்.

அப்போதே எழுந்து, "எனக்கு நெஞ்சு நோகுது, டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், அந்த நேரம் உன் அப்பா என் முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் அப்போது கசிப்புச் சாராயம் குடித்த காலம். உனக்கு அது ஞாபகம் இருக்காது, இருக்கவும் வேண்டாம். வீட்டில் நான் ஒரு வார்த்தை பேசினால் சட்டி பறக்கும். அந்த மனிதர் உடுக்கைக் கீழே வைத்துவிட்டு, "தாயே, என்ன கொறை வச்சேன், சொல்லு தாயே" என்று கண்ணீர் விடுகிறார். எனக்கு மூச்சு சமப்பட்டுவிட்டது, புத்தி தெளிவாக இருந்தது. "குடிய விட்டுரு" என்றேன். என் குரலில்தான் சொன்னேன். என்ன சொல்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் அன்றோடு விட்டார். நீ பார்த்து வளர்ந்த அந்த நல்ல அப்பா அந்தப் பொய்யில் கிடைத்தவர். இப்போது சொல், அந்தப் பொய்யை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

அதற்குப் பிறகு வருஷா வருஷம். ஒவ்வொரு திருவிழாவிலும் விரதமும் புகையும் நெருக்கடியும் சேர்ந்தால் நெஞ்சு ஓடத்தானே செய்யும். நான் நடிக்கவில்லை, மூச்சு முட்டியது நிஜம், மயக்கம் நிஜம். பேசிய பேச்சு மட்டும் என்னுடையது. உன்னை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தக்கூடாது என்று நீ சின்னவளாக இருந்தபோதே ஆத்தா வாயால் சொல்லி வைத்துவிட்டேன். லயத்தில் எனக்கு மரியாதை வந்தது. என்னை "ஏய்" என்றவர்கள் "அருள்காரம்மா" என்றார்கள். மலையில் வாளியை இறக்கி வைத்து நின்றால், "அம்மாவுக்கு உள்ளுக்குள்ள ஆத்தா அசையுறா" என்று யாராவது வந்து வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு இது பிடித்திருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், ரொம்பப் பிடித்திருந்தது.

உன் தம்பி வயிற்றில் வந்தபோது நிலைமை மோசமானது. முதலில் ஏற்றத்தில் மட்டும் இளைத்த மூச்சு, பிறகு குழாயடிக்குப் போய்வந்தால் இளைத்தது, பிறகு தலை சீவினால்கூட இளைத்தது. படுத்தால் இருமல். கால் வீங்கி செருப்பு ஏறவில்லை. திருவிழாவும் இல்லை, உடுக்கும் இல்லை, சும்மா சோறு வடிக்கும்போதே நெஞ்சு குதித்தது. தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸி வயிற்றைப் பார்க்க வந்தவர், என் கையைப் பிடித்து நாடி பார்த்தபடியே இருந்தார். முகம் மாறிவிட்டது. "இது புள்ளத்தாச்சி மூச்சு இல்ல. நாடி ஒழுங்கில்லாம ஓடுது. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, புருசனையும் கூட்டிட்டுப் போங்க" என்றார். "போறேன் மிஸ்ஸி" என்றேன். போகவில்லை. அப்பாவிடம் சொல்லவும் இல்லை. போனால் நோய் என்று சொல்லிவிடுவார்கள். நோய் என்று ஆகிவிட்டால் அருள்காரம்மா எங்கே போவாள்? குடியை விடச் சொன்னது ஆத்தா இல்லை என்று தெரிந்தால் அந்த மனிதர் திரும்பவும் குடிப்பாரோ என்று பயம் வேறு. மிஸ்ஸி மறுபடி வந்து கேட்டபோது, போய்விட்டு வந்தேன், ஒன்றுமில்லையாம் என்று சொன்னேன். அவர் சந்தேகமாகப் பார்த்தார். நான் கோயில் பிரசாதம் கொடுத்து அனுப்பினேன்.

திருவிழா அன்று மத்தியானம் மாவிளக்கு எடுக்கிற நேரம். உனக்குப் பத்து வயது, வேப்பிலைக் கொத்தோடு என் பக்கத்தில் நின்றாய். உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் நீ பார்த்தது ஒன்று, நடந்தது வேறு. நெஞ்சு ஓடத் தொடங்கியதும் இந்தத் தடவை அடங்கவில்லை. விழுந்துவிட்டேன். என்னை அம்மன் சந்நிதிக்கு நேரே மல்லாத்திப் படுக்க வைத்தார்கள். படுத்ததும் தண்ணீருக்குள் அமுக்கியதுபோல இருந்தது. வாயில் நுரை வந்தது, லேசான ரோஸ் நிறம். குங்குமம் கரைந்திருக்கிறது என்றார்கள். மஞ்சள் தண்ணீரை வாயில் ஊற்றினார்கள். ஆத்தா உக்கிரமாக வந்திருக்கிறாள், சீக்கிரம் மலையேற்ற வேண்டும் என்று யாரோ சொல்ல, உன் அப்பா உடுக்கை இன்னும் வேகமாக அடித்தார். என் மேல் இருந்த பாசத்தில்தான் அடித்தார். எனக்கு எல்லாம் கேட்டது. நிறுத்துங்க என்று சொல்ல மூச்சு இல்லை.

நிறுத்தியது ஒரு சிங்கள மனுஷன். பஜாரிலிருந்து திருவிழாவுக்கு ஆள் ஏற்றி வந்த த்ரீவீல்காரர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அப்பாவின் கையைப் பிடித்து, "மேக நவத்தன்ன, மெயாட்ட ஹுஸ்ம கன்ன பே" என்று சத்தம் போட்டார். நிறுத்து, இவளால் மூச்சு எடுக்க முடியவில்லை என்று ஒரு மனுஷன் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் சிங்களம் தெரியும், அந்த ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. அவர்தான் என்னைத் தூக்கி, "படுக்க வேணாம், இருக்க வைங்க" என்று தனக்குத் தெரிந்த தமிழில் அதட்டி, சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினார். உட்கார்ந்ததில்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. உன் தம்பிக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, என் நுரையீரலில் கட்டிய தண்ணீரை இறக்கினார்கள். என்னைக் காப்பாற்றினார்கள். அவனைத் துணியில் சுற்றி என் கையில் தந்தார்கள். அவனுக்கு உன் நெற்றி.

லேடி டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து விளங்கப்படுத்தினார். "அம்மா, நெஞ்சுக்குள்ள ரத்தம் போற கதவு ஒண்ணு இருக்கு. உங்களுக்கு அது சுருங்கிப் போயிருக்கு. சின்ன வயசுல தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து, மூட்டெல்லாம் வீங்கியிருக்குமே?" ஆமாம், வந்தது, எங்கள் அம்மா பத்துப் போட்டார்கள். "அதுதான் கதவைக் கெடுத்திருக்கு. மாசமானா உடம்புல ரத்தம் கூடும், நெஞ்சு வேகமா அடிக்கும். சின்னக் கதவால போக முடியாம நுரையீரல்ல தேங்கும். இதுக்கு முந்தி யாரும் உங்களுக்குச் சொல்லலையா?" அப்பா பக்கத்தில்தான் நின்றார். "இல்ல" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் இன்னும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. பிறகு கொழும்பில் தொடை வழியாக ஏதோ ஒரு குழாயை விட்டு அந்தக் கதவை விரித்துவிட்டார்கள். உன்னிடம் வயிற்று வைத்தியம் என்று சொல்லச் சொன்னேன். இன்றுவரை நான் விழுங்கும் மாத்திரை பிரஷருக்கு இல்லை, இருதயத்துக்கு. தம்பி எங்கே என்று நீ கேட்டபோது, ஆத்தா தனக்கென்று எடுத்துக்கொண்டாள் என்றேன். நீ அதை நம்பி, உன் பங்குப் பலகாரத்தைக் கோயிலில் கொண்டுபோய் வைத்தாய். அன்றைக்காவது என் வாய் திறந்திருக்கலாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வீட்டில் பிள்ளைக்குத் தொண்டை நோவோடு காய்ச்சல் வந்து மூட்டு வீங்கினால் உடனே கொண்டுவர வேண்டும் என்று அந்த டாக்டர் எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். உனக்குப் பன்னிரண்டு வயதில் அதுதான் வந்தது. முதலில் முழங்கால், அது வற்றியதும் முழங்கை, பிறகு கணுக்கால். நடக்க முடியாமல் அழுதாய். வளருகிற வலி என்று சொல்லி எண்ணெய் தேய்த்துவிட்டேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போனால் டாக்டர் உன் முன்னால் என் கதையைச் சொல்லிவிடுவாரே என்றுதான் போகவில்லை. வேறு காரணம் ஒன்றும் கிடையாது. அதனால்தான் நேற்று நீ சுவரில் சாய்ந்து தூங்குகிறேன் என்றதும் எனக்கு உயிர் போய்விட்டது. என்னைத் திட்டு. திட்டுவதை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வைத்துக்கொள்.

ஆத்தாவை நான் இல்லை என்று சொல்ல வரவில்லை. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் நான் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. ஆத்தா வருகிறவள் மேல் வரட்டும். ஆனால் அவள் மலையேறிய பிறகு அந்த உடம்பு பழையபடி இருக்க வேண்டும், பாப்பா. மறுநாள் குழாயடிக்கு நடந்தால் இளைக்கக்கூடாது. படுத்தால் இருமக்கூடாது. கால் வீங்கக்கூடாது. எல்லாப் படபடப்பும் பெரிய நோய் என்றும் சொல்லவில்லை. பயந்தால் அடிக்கும், சாயம் கூடின தேத்தண்ணீரை வெறும் வயிற்றில் குடித்தால் அடிக்கும், ரத்தம் குறைந்தால் அடிக்கும், நம் தோட்டத்துப் பெண்களில் யாருக்கு ரத்தம் போதுமாக இருக்கிறது? வந்த சுவடு தெரியாமல் போனாலும் கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். ஆனால் படபடப்போடு மூச்சும் முட்டினால், நெஞ்சு நொந்தால், மயக்கம் வந்தால், நாடி ஒழுங்கில்லாமல் ஓடினால், அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும். வயிற்றில் பிள்ளை இருந்தால் யோசிக்கவே கூடாது. உதடு நீலம் பாய்ந்தாலோ, நுரையோடு இருமல் வந்தாலோ, ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, வாயில் ஒன்றும் ஊற்றாமல், ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும், கிடைக்காவிட்டால் கிடைத்த வண்டியில் ஏற்ற வேண்டும். இதை உன் மாமியாருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொல். நல்ல மனுஷி, தெரிந்தால் செய்வார்கள். எங்கள் லயத்திலும் நல்ல மனுஷிகள்தான் எனக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள்.

நேற்றுச் சாயங்காலம் அப்பா ஒரு யோசனை சொன்னார். எனக்கு இருப்பது நோய் என்று ஆஸ்பத்திரியிலிருந்தே அவருக்குத் தெரியும், குடியை விடச் சொன்னது நான்தான் என்பது மட்டும் தெரியாது. "நீயே போயி ஒருக்கா ஆடிரு புள்ள. ஆத்தா வாயால ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன்னு சொல்லிட்டா, சம்பந்தியம்மாவே தோள்ல தூக்கிட்டு ஓடுவாங்க" என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும், என் மானமும் மிஞ்சும். அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். அப்படிச் செய்தால், ஆத்தா உத்தரவு தந்தால்தான் ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று ஆகிவிடும். அடுத்த தரம் உனக்கு மூச்சு முட்டும்போது நான் அங்கே இருக்கமாட்டேன். எல்லாரும் ஆத்தா என்ன சொல்கிறாள் என்று உன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு பொய்யால் உன் அப்பாவை மீட்டேன், அதே பொய்யால் உன் தம்பியை விட்டேன். மூன்றாம் தரம் அதைத் தொடமாட்டேன்.

இவ்வளவும் பகலில் எழுதியது. வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குத்தான் எழுத்துத் தெரியாதே. தெரியாமல் ஒரு கடிதத்தை அவர் சுமந்துகொண்டு போவது நியாயமில்லை. மிஸ்ஸி சொன்னதை நான் மறைத்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். "வாசி" என்றார். முழுவதையும் வாசித்தேன். எழுந்து அடிப்பார், இல்லாவிட்டால் வெளியே போய்விடுவார் என்று பார்த்தேன். அவர், "அப்ப, நான் உடுக்கு அடிச்சதுனால இல்லையா புள்ள?" என்று கேட்டார். உன் தம்பி போன அன்றிலிருந்து அவர் உடுக்கைத் தொடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மணிக்கட்டு நோகிறது என்றார். நானும் மணிக்கட்டு என்றே நம்பிக்கொண்டிருந்தேன், பாப்பா. நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. தன் கையால் தன் பிள்ளையைக் கொன்றதாக நினைத்துக்கொண்டு இந்த மனிதர் இத்தனை வருஷம் எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறார். "இல்லங்க, ஒங்களால இல்ல. என்னாலதான்" என்றேன். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். அழுது முடித்து, முகம் கழுவிவிட்டு வந்து, "மொத பஸ் எத்தன மணிக்கு?" என்றார். குடிப்பேன் என்று சொல்லவில்லை. அதற்காகத்தானே நான் இத்தனை காலம் பயந்தேன்.

இதை நீ வாசிக்கிற இப்போது அவர் உன் வாசலில் நிற்கிறார். இங்கிருந்து அவிசாவளை, ரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை என்று பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். சோறு போடுகிறேன் என்று உட்கார வைக்காதே. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், படுத்தால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது, சின்ன வயதில் மூட்டு வீங்கியது, அம்மாவுக்கு இருதயக் கதவு சுருங்கியது என்று இந்த நான்கையும் டாக்டரிடம் சொல். வெட்கப்படாதே. நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்ப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், நோகாது. பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது. ஒன்றுமில்லை, ரத்தம்தான் குறைவு என்று இரும்பு மாத்திரை தந்து அனுப்பினால் எல்லாரும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரி என்று சிரியுங்கள். நான்தான் முதலில் சிரிப்பேன். நோய்தான் என்றாலும் இன்றைக்கு வைத்தியம் இருக்கிறது, எனக்கே இருந்தது. நேரத்தோடு போனவர்களுக்கு இரண்டு உயிரும் தங்கும் என்று அந்த டாக்டர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

வரமாட்டேன் என்று நீ சொன்னால், நாளைக்கு நான் வருவேன். உங்கள் தோட்டம் இருக்கிற மாதிரி மலையை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆனாலும் வருவேன். பத்து அடிக்கு ஒரு தரம் உட்கார்ந்தாவது வந்து சேருவேன். உங்கள் கோயில் வாசலில் நின்று ஆட்களைக் கூட்டி, இதில் இருக்கிறதை ஒன்றுவிடாமல் என் வாயால் சொல்வேன். அருள்காரம்மா பொய்க்காரி என்று காறித் துப்பட்டும். அதற்குப் பிறகாவது உன்னைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இறங்கிப் போக எனக்கு மூச்சு இருக்குமா என்பது வேறு விஷயம்.

கிளினிக் கார்டை எடுத்துக்கொள். பையை அப்பா தூக்கட்டும், நீ ஒன்றும் தூக்காதே. இறக்கத்தில் மெதுவாக இறங்கு. வாசித்தது போதும், செருப்பை மாட்டு.

அம்மா